தேடுவோர் நாவில் வழங்கும் சொல்

லக்னோ நகரத்தின் பழைய கடைத்தெருவுக்குச் சௌக் என்று பெயர். சிக்கன் என்னும் பூவேலை செய்த துணிகளை விற்கும் கடைகள் அங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. அத்தெருவுக்குச் செல்லும் ஒருவர் தமக்கு வேண்டிய பொருளின் பெயரை அறியாதவராக இருந்தாலும் குறையொன்றும் இல்லை. கண்ணாற் காண்கிறார்; கையால் தொட்டுப் பார்க்கிறார்; “அதோ அந்த வெள்ளைத் துணி, சிறு பூப்போட்டது” என்று விரலாற் சுட்டுகிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பெயர் தெரியாமலே வாணிகம் இனிது முடிகிறது.

இணையத்தில் இவ்வாறு சுட்டிக்காட்டுவதற்கு இடமில்லை. படம் ஒன்றைக் காட்டித் தேடும் முறை இப்பொழுது வந்துள்ளது என்பது உண்மையே. எனினும் பெரும்பாலோர் இன்றும் சொற்களைக் கொண்டே தேடுகின்றனர். தேடுபொறியின் சிறு கட்டத்திலே இரண்டு மூன்று சொற்களை எழுதுகின்றனர், அல்லது கைப்பேசியிடம் வாயாற் சொல்கின்றனர். அச்சொற்களுக்கு ஏற்ற பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. முதலில் வருவனவற்றுள் சிலவற்றைப் பார்த்துவிட்டு மேலே செல்லாமல் நின்றுவிடுவதே மக்கள் இயல்பு. எவ்வளவு சிறந்த பொருளாயினும், எவ்வளவு பயனுள்ள செய்தியாயினும், தேடுவோர் எழுதும் சொல் அப்பக்கத்தில் இல்லாவிடில், அது கதவடைத்த கடை போலவே கிடக்கும். இவ்வாறு தேடுவோர் வழங்கும் சொற்களைக் கண்டறிந்து, அவற்றைத் தக்க இடத்தில் அமைப்பதையே இத்தொழிலில் உள்ளோர் ‘கீவேர்ட்’ ஆராய்ச்சி என்கின்றனர். நாம் அச்சொல்லைத் திறவுச்சொல் என்று வழங்குவோம்.

இஃது ஏதோ விளம்பரக்காரர்களின் தந்திரம் என்று நேயர்களுட் சிலர் கருதக்கூடும். அக்கருத்து முற்றிலும் தவறென்று நாம் சொல்லமாட்டோம். அவ்வாறு ஆக்கியோர் பலர் உண்டு. எனினும் லக்னோவின் சிக்கன் தொழிலையே எடுத்துக்கொண்டு பார்த்தால், இதில் அடங்கியுள்ள உண்மையான நலன் எது என்பது விளங்கும்.

சிக்கன் வேலை பல கைகள் மாறி உருவாவது. துணியை வெட்டித் தைப்பவர் ஒருவர். மர அச்சுகளைக் கொண்டு, கழுவினால் போய்விடும் நீலச் சாயத்தால் அத்துணியில் கோலத்தைப் பதிப்பவர் மற்றொருவர். அக்கோலத்தின் மேல் ஊசியும் நூலும் கொண்டு பூவேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். தம் வீட்டிலிருந்தபடியே, இத்தனை துணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று வேலை செய்கின்றனர். முடிவில் நீலம் போக வெளுத்துக் கஞ்சியிட்டு மடித்துக் கொடுப்பவர் வேறொருவர். இடையிலே தரகர்கள் பலர். கடையில் வாங்குபவர் கொடுக்கும் விலையில் ஊசி பிடித்த கைக்குச் சேர்வது மிகச் சிறு பங்கே. 1986-இல் முசாபர் அலி இயக்கிய ‘அஞ்சுமன்’ என்னும் இந்தித் திரைப்படம் இப்பெண்களின் நிலையையே கதைப்பொருளாகக் கொண்டது.

இத்தகைய பெண்கள் சிலர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்து, தரகரின்றித் தாமே இணையத்தில் விற்க முற்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குச் சௌக்கில் கடை இல்லை. நாளிதழில் விளம்பரம் செய்யப் பணமில்லை. தேடுவோர் கண்ணிற் படுவது ஒன்றே அவர்களுக்குள்ள வழி. அதே வேளையில் இயந்திரத்தால் பின்னப்பட்ட துணிகள் அதே ‘சிக்கன்’ என்னும் பெயருடன், அதே தேடலுக்கு விடையாக வந்து நிற்கின்றன. புவியியல் குறியீடுகளுக்கான 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சென்னையிலுள்ள பதிவகம் 2008-இல் லக்னோ சிக்கன் கைத்தொழிலுக்குப் பதிவு வழங்கியது. ஆனால் பதிவேட்டிற் பெயர் இருப்பது வேறு. தேடுவோர் முன் பெயர் வந்து நிற்பது வேறு.

சொல் எவ்வாறு பக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். நாம் ஒன்றைக் கேட்டவுடன் தேடுபொறி உலகமெங்கும் ஓடிச்சென்று பார்த்து வருவதாகப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. முன்னதாகவே தன் சுற்று நிரல்களை ஓயாது அனுப்பி, பக்கங்களைப் படித்து, பெரியதோர் அகராதி வரிசையைத் தயாரித்து வைத்திருக்கிறது. நல்ல நூலொன்றின் இறுதியில் சொல்லடைவு இருக்குமன்றோ? இன்ன சொல் இன்ன இன்ன பக்கங்களில் வருகிறது என்று அஃது உரைக்கும். தேடுபொறியின் அடைவும் அதே இனத்தது. ஒரு நூலுக்குப் பதிலாகக் கணக்கற்ற பக்கங்களுக்குச் செய்யப்பட்டது என்பதே வேறுபாடு.

சொற்களைக் கொண்டு பொருளைக் கண்டுபிடிக்கும் இக்கலை கணிப்பொறிக்கு முற்பட்டது. நூலகத்தார் இதை நெடுங்காலமாகச் செய்து வந்தனர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும், அவர் காலம் வீணாகலாகாது என்ற கருத்துக்கள் அவற்றுள் அடங்கும். நூலகத்தின் அட்டைப் பெட்டியில், வாசகர் எந்தச் சொல்லுடன் வருவாரோ அந்தச் சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதி, “இதற்கு அதனைக் காண்க” என்று வழிகாட்டும் வழக்கம் உண்டு. அவ்வட்டையை எழுதும் நூலகர் செய்த வேலையும், இன்று திறவுச்சொல் ஆராய்வோர் செய்யும் வேலையும் அடிப்படையில் ஒன்றே என்பது எமது அபிப்பிராயம்.

1950-களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர், கட்டுரைத் தலைப்புகளிலுள்ள முக்கியச் சொற்களை அவற்றின் சூழலோடு இயந்திரத்தாலேயே அடைவு செய்யும் முறையை அமைத்தார். 1972-இல் பிரிட்டனில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அறிஞர் மற்றொரு நுட்பத்தை எடுத்துரைத்தார். எல்லாப் பக்கங்களிலும் காணப்படும் சொல், எந்தப் பக்கத்தையும் அடையாளம் காட்டப் பயன்படுவதில்லை. சில பக்கங்களில் மட்டும் காணப்படும் சொல்லுக்கே பிரித்துக்காட்டும் ஆற்றல் மிகுதி என்பது அதன் சாரம். ‘துணி’ என்ற சொல் கோடிக்கணக்கான பக்கங்களில் உண்டு. ‘முர்ரி’ என்ற சொல்லோ மிகச் சிலவற்றில்தான் இருக்கும். முர்ரி என்பது சிக்கன் வேலையில் அரிசி மணி போன்ற சிறு தையல். அதை எழுதித் தேடுபவர் இத்தொழிலை அறிந்தவர். வாங்கக் கருதியே வந்தவர் என்றும் கொள்ளலாம். அவரை இழக்கலாகாது.

இங்கேதான் முதற் சிக்கல் எழுகிறது. ஒரே பொருளுக்குச் செய்பவர் ஒரு பெயரிடுகிறார். விற்பவர் ஒரு பெயரிடுகிறார். வாங்குபவரோ வேறொரு பெயரால் தேடுகிறார். பூவேலை செய்யும் பெண் தேப்சி, பகியா, முர்ரி, பந்தா, ஜாலி என்று தையல் வகைகளைப் பிரித்துப் பேசுவார். பகியா என்பது துணியின் பின்புறத்தே நூலோட்டி, முன்புறத்தில் அதன் நிழல் மட்டும் மெல்லத் தெரியும்படி செய்வது. ஆதலால் நகரத்துக் கடைக்காரர்கள் அதனை நிழல் வேலை என்னும் பொருள்பட ‘ஷாடோ ஒர்க்’ என்கின்றனர். அரசாங்க அலுவலர்கள் ‘லக்னோ சிக்கன் கைவினை’ என்று எழுதுவர். சூரத்திலோ பூனாவிலோ இருந்துகொண்டு தம் தந்தைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க விரும்பும் பெண்ணோ, ‘லக்னோவி குர்த்தா ஆண்கள் வெள்ளை’ என்று தேடுகிறார். சங்கத்தாரின் பக்கத்தில் ‘பாரம்பரியச் சூசிகலை’ என்பது போன்ற கம்பீரமான தொடர் மட்டும் இருந்தால், இவ்விருவரும் ஒருவரையொருவர் காணவே மாட்டார்கள். அழகிய சொல்லாயினும் தேடுவோர் நாவில் அது வழங்கவில்லையே!

சிக்கன் என்ற பெயரிலேயே மற்றொரு வேடிக்கை உண்டு. இந்தியிலும் உருதுவிலும் இப்பூவேலையை எழுதும் எழுத்துக்களும், கோழியிறைச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதும் எழுத்துக்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. தமிழெழுத்திலும் அப்படியே. ‘லக்னோ சிக்கன்’ என்று மட்டும் எழுதினால், கபாப்புக்கும் பிரியாணிக்கும் பேர்போன அந்நகரைப் பொறுத்தவரை, கேட்பது உடையா உணவா என்பதை எவ்வாறு அறிவது? ரோமன் எழுத்தில் எழுதுவோரிலும் கோழிக்குரிய எழுத்துக்களையே இட்டுக் ‘காரி’ என்று முடிப்பவர் பலர். இதைக் கண்டு நகைப்பதாற் பயனில்லை. பிழையாக எழுதினாலும் அவர் வாங்க வந்தவரே. தேடுபொறிகள் இத்தகைய பிழைகளை இப்போது பெரும்பாலும் தாமே உணர்ந்து திருத்திக்கொள்கின்றன. ஆகையால் பிழையான வடிவங்களைப் பக்கத்தில் நாமும் எழுதி வைக்க வேண்டுவதில்லை. துணைச்சொல் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே தக்க வழி. ‘சிக்கன்காரி’, ‘சிக்கன் பூவேலை’, ‘சிக்கன் குர்த்தா’, ‘சிக்கன் புடைவை’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமிராது. அண்டைச் சொல்லைக் கொண்டே பொறியும் பொருளை உணர்கிறது. நாமும் அப்படித்தானே உணர்கிறோம்?

இனி, மக்கள் வழங்கும் சொற்களை அறியும் வழிகள் எவை? கருவிகள் பல உள்ளன. அவற்றைப் பிறகு சொல்வோம். முதல் வழி காதைத் தீட்டிக்கொள்வதே. சங்கத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புக்கள், கண்காட்சிகளில் வந்து நிற்போர் கேட்கும் வினாக்கள், வாட்ஸாப் வாயிலாக வரும் செய்திகள் ஆகியவற்றை ஒரு மாத காலம், கேட்டவர் சொன்ன சொல் மாறாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். சொல்லைத் திருத்தி எழுதுவது கூடாது. “இது மெஷின் வேலையா, கை வேலையா?”, “துவைத்தால் நூல் பிரியுமா?”, “கோடைக்கு எந்தத் துணி நல்லது?” என்பன போன்ற வினாக்களே பின்னர்த் திறவுச்சொற்களாக மலர்கின்றன. பணம் கொடுத்து வாங்கும் கருவிகளைவிட இந்த நோட்டுப் புத்தகம் பலமுறை மேலானது என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

அடுத்து, தேடுபொறியின் கட்டத்திலேயே ஒரு சொல்லை எழுதிப் பார்க்கலாம். எழுதி முடிப்பதற்குள் அது சில தொடர்களைத் தானே முன்மொழியும். அவை பெரும்பாலும் பிறர் முன்னர்த் தேடியவற்றை ஒட்டி அமைந்தவை. ‘சிக்கன்காரி குர்த்தா’ என்று தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பார்த்தால், மக்கள் மனம் எவ்வழியிற் செல்கிறது என்பது புலனாகும். விடைப் பக்கத்தின் இடையிலும் அடியிலும் தொடர்புடைய வினாக்களும் தேடல்களும் தரப்படுவதுண்டு. அவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

2006-இல் கூகிள் வெளியிட்ட ‘டிரெண்ட்ஸ்’ என்னும் கருவி, 2004 முதல் இன்றுவரை ஒரு சொல்லின் தேடல் எவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்துள்ளது என்பதை வரைபடமாகக் காட்டும். மாநிலவாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அங்கே காணும் 100 என்ற எண் நூறு பேரைக் குறிப்பதன்று. நாம் எடுத்துக்கொண்ட காலத்தில் அச்சொல் அடைந்த உச்சநிலைக்கு 100 என்று பெயரிட்டு, ஏனையவற்றை அதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். கோடைக்காலம், ஈத் பண்டிகை, திருமணப் பருவம் ஆகியவற்றில் நம் சொற்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை இதிற் கண்டு, பருவத்துக்குச் சில வாரங்கள் முன்னரே பக்கங்களை ஆயத்தம் செய்வது அறிவுடைமை. திருவிழா முடிந்த மறுநாள் பந்தல் போடுவதால் யாருக்குப் பயன்?

விளம்பரம் செய்வோருக்கென்று கூகிள் நடத்தும் ‘கீவேர்ட் பிளானர்’ என்ற கருவியோ, ஒரு சொல் மாதத்தில் ஏறத்தாழ எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும். விளம்பரத்துக்குச் செலவிடாதோருக்கு 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகன்ற எல்லைகளாகவே எண்ணிக்கை தரப்படும். ஒன்றைவிட மற்றொன்று மிகுதியாக வழங்குகிறதா என்று அறிய இதுவே போதும்.

இவ்வாறு திரட்டினால் ஐம்பது அறுபது சொற்றொடர்கள் எளிதாகச் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்திற் கொட்டிவிடலாம் என்ற ஆசை அப்போது எழும். அதை அடக்க வேண்டும். தேடுவோரின் நோக்கத்தைக் கொண்டு அவற்றை வகைப்படுத்துவதே அடுத்த வேலை. 2002-இல் ஆண்ட்ரே பிரோடர் என்னும் ஆராய்ச்சியாளர் இணையத் தேடல்களை மூன்றாகப் பகுத்தார்: ஒன்றை அறிந்துகொள்ளத் தேடுவது, குறிப்பிட்ட ஓரிடத்துக்குச் செல்லத் தேடுவது, வாங்குதல் போன்ற ஒரு செயலை முடிக்கத் தேடுவது. ‘சிக்கன் வேலை எவ்வாறு செய்யப்படுகிறது’ என்று கேட்பவர் அறிய விரும்புபவர்; மாணவராகவும் இருக்கலாம். அவர் முன் விலைப்பட்டியலை நீட்டினால் ஓடிவிடுவார். ‘வெள்ளை மல்மல் குர்த்தா கை வேலை விலை’ என்று எழுதியவரிடம் நூர்ஜஹான் காலத்துக் கதைகளைத் தொடங்கினாலும் அதே விளைவுதான். நோக்கம் வேறாயின் பக்கமும் வேறாதல் வேண்டும். ஒரே நோக்கமுள்ள சொற்கள் பல இருந்தால், அவை அனைத்துக்கும் ஒரு பக்கமே போதும். ‘லக்னோவி குர்த்தா’வுக்கு ஒன்று, ‘லக்னோ குர்த்தா’வுக்கு ஒன்று என்று தனித்தனிப் பக்கங்கள் எழுதினால், அவை தமக்குள்ளே போட்டியிட்டுக்கொள்ளும்.

மிகுதியாகத் தேடப்படும் சொல்லையே பற்றிக்கொள்ள வேண்டுமென்பதும் இல்லை. ‘குர்த்தா’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு நாடெங்கும் உள்ள பெருங்கடைகள் போட்டியிடுகின்றன. அங்கே நம் சங்கம் முன்வரிசையில் வருவது அரிது. நான்கைந்து சொற்கள் கொண்ட நீண்ட தொடர்களோ தனித்தனியே சிலரால்தான் தேடப்படுகின்றன. ஆனால் அத்தகைய தொடர்கள் கணக்கில் அடங்கா. அமெரிக்க இதழாசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் 2004-இல் ‘நீண்ட வால்’ என்று பெயரிட்டு விளக்கிய வாணிக நிலைமை இதற்கும் பொருந்துவதால், தொழிலில் உள்ளோர் இத்தொடர்களை அப்பெயராலேயே அழைக்கின்றனர். நாள்தோறும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னர் ஒருபோதும் வந்திராதவை என்று கூகிள் நிறுவனமே கூறிவருகிறது. மக்கள் கேட்கும் வகை அத்துணைப் பலவாக இருத்தலின், சிறியோர்க்கும் இடமுண்டு. ‘அறுபது வயதுப் பெண்ணுக்கு ஏற்ற பருத்திச் சிக்கன் புடைவை’ என்பதற்குச் சரியான விடை தரும் பக்கத்தைப் பெருங்கடை எழுதாது. சங்கம் எழுதலாம்.

தேர்ந்தெடுத்த சொல்லை வைப்பதற்கு உரிய இடங்கள் சில உண்டு. பக்கத்தின் தலைப்பே முதன்மையானது. தேடுவோர் வரிசையிற் காண்பதும் பெரும்பாலும் அதனையே. ‘முகப்பு’ என்றோ ‘நல்வரவு’ என்றோ தலைப்பிட்டிருக்கும் பக்கங்கள் நம் நாட்டில் எண்ணிறந்தன. கடையின் பெயர்ப்பலகையில் ‘கடை’ என்று மட்டும் எழுதியது போன்றது அது. தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் வரும் பெயரிலும், முதற் பத்தியிலும், பிற பக்கங்களிலிருந்து இப்பக்கத்துக்கு வரும் இணைப்பின் சொற்களிலும் அது இயல்பாக இடம்பெறட்டும். ‘இங்கே அழுத்துக’ என்ற இணைப்பு ஒன்றையும் உணர்த்துவதில்லை. ‘கை வேலையை அறிவது எப்படி’ என்ற இணைப்பு போகுமிடத்தைச் சொல்லிவிடுகிறது.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு படத்துக்கும் அதில் உள்ளது இன்னதென்று எழுத்தில் ஒரு குறிப்பு இணைக்க வழியுண்டு. ‘இளநீல மஸ்லின் துணியில் ஜாலி வேலை செய்த துப்பட்டா’ என்று எழுதினால், பொறிக்கும் புரியும். திரையில் உள்ளதை ஒலியாகக் கேட்டு அறியும் பார்வையற்ற அன்பர்க்கும் புரியும். இக்குறிப்பு உண்மையில் அவரைக் கருதி ஏற்பட்டதே. இதிற் சொற்களை அள்ளித் திணிப்போர் அவர் செவியில் குப்பையைக் கொட்டுகின்றனர் என்பதை மறக்கலாகாது.

இந்திய மொழிகளில் எழுதுவோர்க்கு இன்னொரு தடையும் இருந்துவந்தது. கிருதி தேவ் போன்ற பழைய இந்தி எழுத்துருக்களில், திரையில் தேவநாகரியாகத் தோன்றுவது உள்ளே ரோமன் எழுத்துக்களின் பொருளற்ற கோவையாகவே பதிந்திருக்கும். தமிழில் தாம், தாப் முதலிய குறியீடுகளுக்கும் இதே நிலைமை. அத்தகைய பக்கத்தை மனிதர் படிக்கலாம். பொறி படிக்க இயலாது. ஒருங்குறியில் எழுதியது மட்டுமே அடைவில் உரிய சொல்லாகச் சேரும். விலைப்பட்டியலையும் தொழில் விளக்கத்தையும் படமாக எடுத்து ஒட்டிவிடுவோர் இன்றும் பலர் உளர். அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி எழுதாததற்குச் சமமாகிவிடுகிறது. இந்தியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வைப்பதானால், ஒன்றை மற்றொன்றுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அவ்வம்மொழியில் மக்கள் தேடும் சொற்களைத் தனியே ஆராய்ந்து எழுதுவதே முறை.

இனி, இக்கலை கெட்ட வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1995-இல் தோன்றிய அல்டாவிஸ்டா முதலிய பழைய தேடுபொறிகள், பக்கத்திலுள்ள சொற்களுக்கே பெருமதிப்புக் கொடுத்தன. உடனே, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நூறு முறை ஒரே சொல்லை எழுதி மறைத்து வைப்போர் தோன்றினர். 1998-இல் நிறுவப்பட்ட கூகிள், ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் தகுதியையும் கணக்கிற் கொண்டது. அதனால் இந்த வித்தை முழுதும் ஒழியவில்லையாயினும் வலிமை குன்றியது. திறவுச்சொற்களைத் தனியே பட்டியலிடுவதற்கென்று பக்கத்தின் உள்ளே ஒரு மறைகுறிப்பு உண்டு. வரிசைப்படுத்தலில் அதனைப் பொருட்படுத்துவதில்லை என்று கூகிள் 2009-இல் வெளிப்படையாக அறிவித்தது. அவ்வாறிருந்தும் அக்குறிப்பை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குவோர் இன்னும் இருக்கின்றனர். நூறு சொல்லுக்கு இத்தனை முறை திறவுச்சொல் வரவேண்டும் என்ற கணக்கும் அத்தகையதே. அப்படி ஒரு விதி இல்லை. வாய்விட்டுப் படிக்கும்போது செவிக்கு உறுத்தினால் அளவு மிஞ்சிவிட்டது என்று அறியலாம். வானொலியில் பேசுவோர்க்கு இச்சோதனை பழக்கமானதே.

2019-இல் கூகிள், சொற்களைத் தனித்தனியே பாராமல் வாக்கியத்தின் போக்கைக் கொண்டு பொருளுணரும் ‘பெர்ட்’ என்னும் முறையைத் தேடலிற் புகுத்தி, அவ்வாண்டின் இறுதிக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. இதனால் ‘புடவை’, ‘புடைவை’, ‘சேலை’ என்று ஒவ்வொன்றையும் அடுக்கி எழுத வேண்டிய கட்டாயம் குறைந்துள்ளது. 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும், சில தேடல்களுக்குப் பக்கவரிசைக்கு மேலாகப் பொறியே தொகுத்த விடை ஒன்று காட்டப்படுகிறது. அதைப் படித்துவிட்டு எந்தப் பக்கத்துக்கும் செல்லாமல் அகல்வோர் உண்டு. இது சிறு தளங்களுக்குக் கவலை தரத்தக்க மாறுதலே. ‘சிக்கன் என்றால் என்ன’ என்பது போன்ற பொது வினாக்களால் வரும் வரவு குறையலாம். செய்பவர் மட்டுமே சொல்லத்தக்க செய்திகளை நாடி வருவோருக்கு, அப்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய காரணம் இன்னும் இருக்கிறது.

கை வேலையை இயந்திர வேலையினின்றும் பிரித்தறிதல் அத்தகைய செய்தி. துணியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், கையால் செய்ததில் முடிச்சுக்களும் சிறு ஏற்றத்தாழ்வுகளும் காணப்படும். இயந்திரத்தால் செய்ததில் தையல் ஒரே சீராக ஓடும். ஜாலி என்பது நூலை அறுக்காமல் ஊசியால் விலக்கி உண்டாக்கும் வலை. பகியாவில் பின்புறமே வேலை மிகுதி. இவற்றைப் படங்களோடு ஒரு பக்கத்தில் விளக்கி, ‘கை வேலைச் சிக்கன் அறிவது எப்படி’ என்று அதற்குப் பெயரிட்டால், அத்தொடரைத் தேடும் ஐயமுற்றோர் அங்கே வருவர். பொய்ப் பொருளின் விலை மலிவை எதிர்த்து இப்பெண்கள் வாதாடக்கூடிய இடம் அதுவே. மாறாக, இயந்திரத் துணியை வைத்துக்கொண்டு ‘கை வேலை’ என்ற திறவுச்சொல்லை எழுதுவது தேடுவோரை ஏமாற்றுவதாகும். இதில் நாம் சமாதானம் எதையும் ஏற்பதற்கில்லை.

எழுதி வைத்தவுடன் மறுநாளே பயன் தெரியாது. சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கூகிள் இலவசமாக வழங்கும் ‘செர்ச் கன்சோல்’ என்னும் ஏட்டில், நம் தளம் எந்தத் தேடலுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அதனைத் திறந்தனர், வரிசையில் சராசரியாக எவ்விடத்தில் நின்றது என்ற கணக்கைப் பதினாறு மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். பலமுறை காட்டப்பட்டும் சிலரே திறந்திருந்தால், தலைப்பு அவர்கள் கேட்டதற்கு விடையாகத் தோன்றவில்லை என்று ஊகிக்கலாம். தலைப்பை மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, சங்கத்தின் கணக்குப் பார்க்கும் நாளிலேயே, இந்த ஏட்டையும் விரித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

அவ்வாறு பார்க்கும்போது, நாம் எண்ணியிராத சொற்கள் அதில் வந்து நிற்பதுண்டு. ‘புதிய சிக்கன் குர்த்தாவில் நீலக் கறை போக’ என்று ஒருவர் தேடியிருக்கக்கூடும். கோலம் பதித்த நீலச் சாயம் சரியாக வெளுக்கப்படாமல் எங்கோ ஒரு மூலையில் தங்கிவிட்டது. வாங்கியவர் அதனைக் கறையென்று எண்ணி அஞ்சுகிறார். இதற்கு விடை தரும் பக்கத்தைத் துணிக்கடைக்காரராலும் எழுத முடியாது, விளம்பரக்காரராலும் முடியாது. கோமதி ஆற்றங்கரைச் சலவைத் துறையில் அத்துணிகளை வெளுத்துத் தந்த தொழிலாளியை அழைத்து உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லச் சங்கத்தார் எழுதிக்கொள்ள வேண்டும்.